தொடங்கியவரே நிறைவு செய்வார்
திருமுழுக்குப் பதிவேடும் நம் கிறிஸ்தவ அடையாளமும்



ஆனி மாதம் பிறந்து சாரல் விழத் தொடங்கிவிட்டால், தென்காசியிலிருந்து குற்றாலம் செல்லும் சாலையில் நடக்கக்கூட இடம் இருக்காது. பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என்று எங்கு பார்த்தாலும் மக்கள் வெள்ளம். அருவிக்கு அடியில் நிற்பவரிடம் அந்தத் தண்ணீர் "நீ எந்த ஊர், எந்தக் குலம்?" என்று கேட்பதில்லை. எல்லார் தலையிலும் ஒன்றுபோலவே விழுகிறது. சீசன் முடிந்ததும் கூட்டம் கலைந்துவிடும். ஆனால் விழுந்த நீர் அங்கேயே நின்றுவிடுவதில்லை. அது சிற்றாறாகத் தென்காசியைக் கடந்து, குளங்களை நிரப்பி, வயல்களில் பாய்ந்து, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது. குளித்தவர் வீடு திரும்பிவிடலாம். ஆற்றின் வேலையோ அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

நாம் பெற்ற திருமுழுக்கும் இப்படித்தான். அன்று தலையில் ஊற்றப்பட்ட நீர் அன்றோடு வேலையை முடித்துக்கொள்ளவில்லை. ஆனால் நம்மில் பலர் திருமுழுக்கைப் பங்குப் பதிவேட்டில் எழுதப்பட்ட ஒரு வரியாகவே நினைக்கிறோம். பெயர் எழுதியாயிற்று, சான்றிதழ் வாங்கியாயிற்று, இனி நாம் கிறிஸ்தவர்கள் என்று அமைதி அடைந்துவிடுகிறோம். கடவுளின் பார்வையில் அது முடிவு அல்ல, தொடக்கம். நம்மில் நற்செயலைத் தொடங்கியவர் அதைக் கிறிஸ்துவின் நாள்வரை தொடர்ந்து நிறைவுக்குக் கொண்டுவருவார் என்று புனித பவுல் பிலிப்பியருக்கு உறுதியாக எழுதுகிறார் (காண். பிலி 1:6). இந்த நம்பிக்கை இன்றைய நாட்டு நடப்பில் நமக்கு எவ்வளவு தேவைப்படுகிறது என்பதையே இங்கு சிந்திக்க விரும்புகிறோம்.

எந்தச் சேவல் கூவியது?

சில ஆண்டுகளுக்கு முன்பு, நாம் அப்போது பணியாற்றிய ஒரு பங்கில் நடந்தது இது. தவக்காலத்தில் ஒரு ஞாயிறு மறையுரையில் பேதுரு மறுதலித்ததைப் பற்றிப் பேசினோம். கோவிலில் ஒரு பெயரும் அரசுச் சான்றிதழில் வேறொரு மதமும் வைத்துக்கொண்டு வாழ்கிறவர்களைச் சற்றுக் கடுமையாகவே சாடினோம். "நெருப்பருகே நின்ற பேதுருவைப் போல நாமும் ஆண்டவரைத் தெரியாது என்று சொல்கிறோம்" என்றோம். பேசி முடித்தபோது நல்ல மறையுரை ஆற்றிவிட்டதாகவே நமக்குத் தோன்றியது.

திருப்பலி முடிந்து எல்லாரும் சென்ற பிறகு, வயதான ஒரு தாய் சாக்கிறிஸ்து வாசலில் வந்து நின்றார். குரலை உயர்த்தவில்லை. "சாமி, நீங்க பேதுருவைப் பத்திச் சொன்னது சரிதான். ஆனா எங்க மாமியாரை அடக்கம் பண்ணப் போனப்போ, கல்லறைத் தோட்டத்துல 'உங்க இடம் அந்தப் பக்கம்'னு சொன்னாங்கல்லா, அப்போ எந்தச் சேவல் கூவிச்சு?" என்று கேட்டார்.

நம்மிடம் பதில் இல்லை. "உக்காருங்கம்மா" என்று மட்டும் சொன்னோம். அவர் உட்காரவில்லை. கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். அந்தக் கேள்வி இன்றுவரை நம்மைவிட்டுப் போகவில்லை.

வாசலுக்கு வரும் கேள்வி

அன்று ஒரு பங்கில் கேட்கப்பட்ட அந்தக் கேள்வி இப்போது நாடு முழுவதும் வேறு வடிவங்களில் எழுகிறது. வரவிருக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதி விவரமும் சேகரிக்கப்படும் என்று 2025 ஏப்ரல் 30 அன்று மத்திய அமைச்சரவை முடிவு செய்தது. அதே ஆண்டு ஜூன் 16 அன்று வெளியான அறிவிக்கை, நாட்டின் பெரும்பகுதிக்கு 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் குறித்தது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் கிறிஸ்தவர்கள் ஏறத்தாழ 44 லட்சம் பேர், அதாவது மக்கள்தொகையில் 6.12 விழுக்காடு. நம் ஒவ்வொருவர் வீட்டிலும் மதம் என்ன, சாதி என்ன என்ற இரு கேள்விகளும் எழும். பலருக்கு இவை எளிய கேள்விகள். தலித் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கோ இவை 75 ஆண்டுகளாகக் காயப்படுத்தும் கேள்விகள்.

காரணத்தைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1950 ஆகஸ்டு 10 அன்று வெளியான குடியரசுத் தலைவர் ஆணை, இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினராகக் கருதப்படுவர் என்று வரையறுத்தது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் சேர்க்கப்படவில்லை. தமிழகத்தில் கிறிஸ்தவ மதத்திற்கு மாறிய ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். ஆனால் பட்டியல் சாதியினருக்குரிய இடஒதுக்கீடு அவர்களுக்கு இல்லை. 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் பட்டியலில் உள்ளவர்களுக்கே உரியது. நம் ஊரையே எடுத்துக்கொள்வோம். தென்காசி மக்களவைத் தொகுதி தனித்தொகுதி. இங்குள்ள தலித் கிறிஸ்தவர் ஒருவர் இத்தொகுதியில் வாக்களிக்கலாம், ஆனால் வேட்பாளராக நிற்க முடியாது. தெருவில் அவரை இழிவாக நடத்துகிறவர் அவருடைய திருமுழுக்குச் சான்றிதழைக் கேட்டுவிட்டு நடத்துவதில்லை. சட்டம் மட்டும் அதைக் கேட்கிறது.

இந்த ஆணையை மாற்றக் கோரும் குரல் புதிதல்ல. மதத்தைக் கொண்டு பட்டியல் சாதித் தகுதியை வரையறுக்க வேண்டாம் என்று 2007-இல் நீதிபதி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பரிந்துரைத்தது. தலித் கிறிஸ்தவர்களுக்கும் அத்தகுதி வழங்கப்பட வேண்டும் என்று 2023 ஏப்ரல் 19 அன்று தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. இதை ஆராய்வதற்காக 2022 அக்டோபரில் நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மத்திய அரசு அமைத்த ஆணையத்தின் காலம் ஒருமுறைக்கு மேல் நீட்டிக்கப்பட்டது. ஆகஸ்டு 10-ஐக் கறுப்பு நாளாகவும், நவம்பரில் ஒரு ஞாயிறைத் தலித் விடுதலை ஞாயிறாகவும் திருஅவை ஆண்டுதோறும் கடைப்பிடித்து வருகிறது.

நீதிமன்றம் கேட்ட சான்று

2024 நவம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய ஒரு தீர்ப்பு நம்மில் பலரை வருத்தியது. புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண், அரசுப் பணிக்காகத் தமக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழ் வேண்டும் என்று கேட்டிருந்தார். அவர் குழந்தைப் பருவத்திலேயே திருமுழுக்குப் பெற்றவர் என்பதையும், கோவிலுக்குத் தொடர்ந்து செல்பவர் என்பதையும் கருத்தில் கொண்டு நீதிமன்றம் அவர் கோரிக்கையை மறுத்தது. உண்மையான நம்பிக்கை இன்றி இடஒதுக்கீட்டுப் பயனுக்காக மட்டும் மதம் மாறுவதாகச் சொல்வது அரசியலமைப்பை ஏமாற்றுவதாகும் என்றும் கூறியது.

பொய்ச் சான்று பெறுவதை நாம் நியாயப்படுத்தவில்லை. நம்பிக்கை உள்ளத்திலிருந்து வரவேண்டும் என்பதில் நமக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நம் மக்கள் ஏன் இரண்டு பெயர்களோடு வாழ நேர்ந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டாமா? பிள்ளையின் படிப்பா, பிள்ளையின் திருமுழுக்கா என்று ஒரு தாயைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் நிலையை அந்தத் தாய் உருவாக்கவில்லை.

இதைவிட ஆழமாக நம்மைத் தொடவேண்டியது 1985 செப்டம்பர் 30 அன்று வந்த மற்றொரு தீர்ப்பு. சென்னையில் சாலையோரத்தில் செருப்புத் தைத்துப் பிழைத்த ஒரு தொழிலாளி, ஆதிதிராவிட வகுப்பில் பிறந்த கிறிஸ்தவர். தம்மைப் போன்ற மற்றத் தொழிலாளர்களுக்கு அரசு கொடுத்த பெட்டிக்கடை, கிறிஸ்தவர் என்பதால் தமக்கு மறுக்கப்பட்டது என்று வழக்குத் தொடுத்தார். மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது, அதனால் வரும் இழிவும் ஒடுக்குமுறையும் கிறிஸ்தவச் சமூகத்துக்குள்ளும் அதே கடுமையோடு தொடர்கின்றன என்று நிறுவவேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. அதற்குப் போதிய சான்று இல்லை என்று கூறி மனுவைத் தள்ளுபடி செய்தது.

இதன் பொருளை ஊன்றிக் கவனியுங்கள். "எங்கள் திருஅவையில் சாதி இல்லை" என்று நாம் பெருமையோடு சொன்னால், அந்தத் தொழிலாளி தோற்றுப்போகிறார். "ஆம், எங்களிடமும் சாதி இருக்கிறது" என்று ஒப்புக்கொண்டால், நம் போதனை பொய்யாகிவிடுமோ என்று அஞ்சுகிறோம். நம் பாவத்துக்குச் சாட்சி சொன்னால்தான் நம் சகோதரனின் உரிமைக்கும் சாட்சி கிடைக்கும் என்ற நிலையில் நிற்கிறோம். இதுதான் நம்மை வாயடைக்க வைக்கிறது. அந்தத் தாய் கேட்ட கேள்விக்கு நம்மால் பதில் சொல்ல முடியாமல் போனதும் இதனால்தான்.

அந்தியோக்கியாவில் பேதுரு

இந்தச் சிக்கலிலிருந்து வெளிவரத் திருவிவிலியம் நமக்கு ஒரு வழி காட்டுகிறது. இயேசுவின் சீடர்கள் முதன்முதலாகக் கிறிஸ்தவர்கள் என்ற பெயர் பெற்ற ஊர் அந்தியோக்கியா (காண். திப 11:26). அதே ஊரில்தான் பேதுரு பந்தியிலிருந்து விலகினார். பிற இனத்தாரோடு அமர்ந்து உண்டுகொண்டிருந்தவர், யாக்கோபைச் சேர்ந்த சிலர் வந்ததும் அஞ்சி ஒதுங்கிக்கொண்டார். பவுல் எல்லார் முன்னிலையிலும் அவரைக் கண்டித்தார் (காண். கலா 2:11-14).

இது எப்போது நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். பேதுரு அப்போது சேவல் கூவியபோது அழுத பழைய பேதுரு அல்ல. உயிர்த்த ஆண்டவரைக் கண்டவர். பெந்தக்கோஸ்து நாளில் தூய ஆவியைப் பெற்றவர். கொர்னேலியுவின் வீட்டில், கடவுள் ஆள் பார்த்துச் செயல்படுவதில்லை என்று தம் வாயாலேயே அறிக்கையிட்டவர் (காண். திப 10:34). அப்படிப்பட்டவரும் ஒரு பந்தியில் தடுமாறினார். திருஅவையின் பாறைக்குள்ளும் கடவுள் இன்னும் செதுக்க வேண்டியது இருந்தது. அந்தத் தவற்றை மறைக்காமல் திருவிவிலியம் எழுதி வைத்திருக்கிறது.

கிறிஸ்தவ அடையாளம் என்பது கையில் உள்ள சொத்து என்றால், அதில் குறை கண்டுபிடிக்கப்படும்போது நாம் மறைக்கத்தான் பார்ப்போம். அது கடவுள் நம்மில் இன்னும் செய்துகொண்டிருக்கும் வேலை என்றால், குறையை ஒப்புக்கொள்ள வெட்கப்படத் தேவையில்லை. வேலை நடக்கும் இடத்தில் குறை தெரியத்தான் செய்யும். திருஅவை தூயதாக இருக்கும் அதே வேளையில் எப்போதும் தூய்மையாக்கப்பட வேண்டியதாகவும் இருக்கிறது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் கற்பித்தது இதைத்தான் (காண். திருஅவை, எண் 8). இந்த நம்பிக்கை இருந்தால்தான் நாம் உண்மையைப் பேசவும் முடியும், உண்மையைப் பேசிய பிறகு மனம் தளராமல் இருக்கவும் முடியும்.

வடக்கன்குளம் சொல்லும் பாடம்

நம் மண்ணிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் இயேசு சபைக் குரு புத்தாரி அடிகளாரிடம் நீலகண்ட பிள்ளை திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். திருவிதாங்கூர் அரசில் பணியாற்றிய அவருக்கு அன்றோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. சாதி வேற்றுமை பாராமல் எல்லாரோடும் பழகினார். 1749-இல் கைதானார். மூன்று ஆண்டுகள் சித்திரவதைக்குப் பிறகு 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். திருமுழுக்குக்கும் மறைசாட்சியத்திற்கும் இடையே ஏறத்தாழ ஏழு ஆண்டுகள். அந்த ஆண்டுகளில்தான் பதிவேட்டில் எழுதிய பெயர் அவர் வாழ்வானது. 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது, சாதியைக் குறிக்கும் "பிள்ளை" என்ற பின்னொட்டு இல்லாமல், புனித தேவசகாயம் என்றே அறிவித்தார். 2025-இல் அவர் இந்தியப் பொதுநிலையினரின் பாதுகாவலராகவும் உறுதிசெய்யப்பட்டார்.

அதே வடக்கன்குளத்தில்தான் 1870-களில், சாதியினர் தனித்தனியே அமரும்படி, கால்சட்டையைப் போல இரண்டு கிளையாகப் பிரிந்த ஆலயம் கட்டப்பட்டது. புனிதர் திருமுழுக்குப் பெற்ற ஊரில் அவருக்குப் பின் நூறு ஆண்டுகள் கழித்து இப்படி நடந்தது. ஒரு தலைமுறையில் பெற்ற அருள் அடுத்த தலைமுறைக்குத் தானாக வந்துவிடாது என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டாம். ஆனால் கடவுளின் வேலை அங்கும் நின்றுவிடவில்லை. 1910-இல் நடுவில் இருந்த தடுப்பு இடிக்கப்பட்டது. அது மீண்டும் வேண்டும் என்று சிலர் நீதிமன்றம் வரை சென்றார்கள். சென்னை உயர்நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

கிறிஸ்தவர்களிடையே சாதிப் பாகுபாட்டின் சாயல்கூட உண்மையான மனித ஒருமைப்பாட்டுக்கு எதிரான அடையாளம் என்று 2003-இல் தமிழக ஆயர்களிடம் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் தெளிவாக எடுத்துரைத்தார். 2016 டிசம்பர் 13 அன்று இந்திய ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கையை வெளியிட்டு, திருஅவைக்குள் பாகுபாடு இருப்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. 2022 ஆகஸ்டு 27 அன்று ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா, தலித் சமூகத்திலிருந்து வந்த முதல் கர்தினால் ஆனார். இவையெல்லாம் வேலை நடந்துகொண்டிருப்பதன் அடையாளங்கள். வேலை முடிந்துவிட்டதன் அடையாளங்கள் அல்ல.

நம் பகுதிக்கு இன்னொரு நினைவும் உண்டு. 1981 பிப்ரவரியில் தென்காசிக்கு அருகே மீனாட்சிபுரத்தில், தாழ்த்தப்பட்ட மக்கள் பல நூறு பேர் இஸ்லாத்தைத் தழுவியபோது நாடே திரும்பிப் பார்த்தது. மனித மாண்பைத் தேடிய அம்மக்கள் ஏன் நம் ஆலயத்தின் கதவைத் தட்டவில்லை? அந்தக் கேள்வியை நாம் பிறரிடம் கேட்பதற்கு முன் நம்மிடமே கேட்டுக்கொள்வது நல்லது.

குறையை முன்பே ஒப்புக்கொண்ட மன்னர்

தென்காசியில் வாழும் நமக்குக் காசி விசுவநாதர் கோவிலின் கோபுரம் நாள்தோறும் கண்ணில் படுகிறது. 15-ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டிய மன்னர் அக்கோவிலைக் கட்டத் தொடங்கினார். பிற்காலத்தில் இக்கோவிலில் ஏதேனும் குறை நேர்ந்தால், அதைச் சரிசெய்பவர்களின் அடிகளில் தாம் விழுந்து வணங்குவதாக அவர் கல்வெட்டில் பொறித்து வைத்தார். அவர் அஞ்சியது போலவே கோபுரம் பிளந்து, நெடுங்காலம் மொட்டையாக நின்றது. 1990-இல்தான் அது மீண்டும் எழுப்பப்பட்டுக் குடமுழுக்கு நடந்தது. 2025 ஏப்ரல் 7 அன்றும் குடமுழுக்கு நடைபெற்றது.

நம் சகோதர சமயத்தாரின் இந்த வரலாற்றில் நாம் கற்க வேண்டியது ஒன்று உண்டு. கட்டியவரே தம் வேலை முழுமையானது என்று சொல்லிக்கொள்ளவில்லை. பின்வருவோர் வந்து பழுதுபார்ப்பார்கள் என்று நம்பி, அவர்களை முன்கூட்டியே வணங்கினார். மனிதர் ஒருவருக்கே அவ்வளவு பணிவும் நம்பிக்கையும் இருந்ததென்றால், தூய ஆவியாரின் ஆலயமாகிய நாம் நம் விரிசல்களை ஏன் சுண்ணாம்பு பூசி மறைக்க வேண்டும்?

நம் பங்கில் என்ன செய்யலாம்?

முதலாவது, கணக்கெடுப்பாளர் வரும்போது உண்மையைச் சொல்வோம். நாம் கிறிஸ்தவர்கள் என்று தயங்காமல் சொல்வோம். அப்படிச் சொல்வதால் இழப்பைச் சந்திக்கும் குடும்பங்கள் எவை என்பதையும் மறவாமல், அவர்களுக்காகக் குரல் கொடுப்பது நம் எல்லாருடைய கடமை என்று உணர்வோம். பட்டியலில் இடம் கேட்கும் போராட்டம் தலித் கிறிஸ்தவர்களின் போராட்டம் மட்டும் அல்ல.

இரண்டாவது, ஒவ்வொரு பங்கும் தன் கல்லறைத் தோட்டத்தையும், திருவிழா வரிவசூலையும், தேர்ப்பவனி செல்லும் தெருக்களையும், பங்குப்பேரவைப் பொறுப்புகளையும் ஒருமுறை நேர்மையாகப் பார்க்கட்டும். யார் எங்கே நிறுத்தப்பட்டிருக்கிறார்கள் என்பது அங்கே தெரிந்துவிடும். கிறிஸ்துவோடு இணையத் திருமுழுக்குப் பெற்றவர்களிடையே பிரிவினைக்கு இடமில்லை என்ற போதனை (காண். கலா 3:27-28) அங்கேதான் சோதிக்கப்படுகிறது.

மூன்றாவது, அன்பியக் கூட்டங்கள் எல்லாத் தெருக்களிலும், எல்லார் வீடுகளிலும் நடக்கட்டும். செபத்திற்குப் பிறகு அந்த வீட்டில் கொடுக்கும் காபியை எல்லாரும் குடிக்கட்டும். சிறிய காரியம்தான். அந்தியோக்கியாவில் பேதுரு தவறியதும் ஒரு பந்தியில்தான்.

நான்காவது, மறைக்கல்வி உறுதிபூசுதலோடு நின்றுவிட வேண்டாம். குற்றாலத்திற்குச் சீசனில் மட்டும் வருவது போல, கிறிஸ்து பிறப்புக்கும் உயிர்ப்புக்கும் மட்டும் கோவிலுக்கு வந்தால் நம்மில் எதுவும் வளராது. ஆறு தினமும் ஓடவேண்டும்.

அருள்பணியாளர்களாகிய நாமும் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. சாடுவதற்கு முன் கேட்கப் பழக வேண்டும். அந்த மறையுரைக்குப் பின் நாம் அந்தத் தாயின் வீட்டைத் தேடிச் சென்றோம். அவர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நாம் மன்னிப்புக் கேட்டோம். "பரவாயில்ல சாமி, அந்தக் கல்லறையைப் பாருங்க" என்றார். கல்லறைத் தோட்டத்தைப் பற்றிப் பங்குப்பேரவையில் பேச்சு எடுத்தோம். நாம் மாற்றலாகி வரும்வரை அது முடியவில்லை. நமக்குப் பின் வந்தவர் தொடர்ந்தார். நாம் தொடங்கியதைக்கூட இன்னொருவர்தான் தொடர வேண்டியிருக்கிறது. கடவுள் தொடங்கியதை அவரே தொடர்கிறார் என்பதில்தான் நம் நம்பிக்கை இருக்கிறது.

நம் பெயரைப் பதிவேட்டில் எழுதியது ஒரு குருவின் கை. நம்மை உருவாக்கிக்கொண்டிருப்பதோ குயவனின் கை. மண் கோணிப்போனாலும் அவர் தூக்கி எறிவதில்லை. மறுபடியும் சக்கரத்தில் வைக்கிறார் (காண். எரே 18:4). அந்தக் கைக்கு நம்மைக் கொடுப்போம்.

செபிப்போம்: ஆண்டவரே, திருமுழுக்கு நீரால் எங்களை ஒரே குடும்பமாக்கினீர். நாங்கள் எழுப்பிய தடுப்புகளை ஒப்புக்கொள்ளும் துணிவையும் அவற்றை இடிக்கும் ஆற்றலையும் தாரும். எங்களில் தொடங்கியதை நீரே நிறைவு செய்யும். புனித தேவசகாயமே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.